ஏர் இன்டேக்ல ஒரு தகடு வளையம்: ஒரு மாச நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

மச்சான் காலைல ஒரு சின்ன அட்டைப்பெட்டியோட வந்தான். உள்ள ஒரு தகடு வளையம், நடுவுல ஃபேன் இறக்கை மாதிரி ஆறு இதழ், ஆனா சுத்தாது, சாய்வா அப்படியே நிக்கும். ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கும், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டருக்கும் நடுவுல ரப்பர் பூட்னு ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கு, அதுக்குள்ள சொருகணுமாம், உள்ள போற காத்து சுழி போட்டுக்கிட்டே போகுமாம், பெட்ரோல் நல்லா கலந்து முழுசா எரியுமாம், பிக்கப்பும் ஏறும் மைலேஜும் ஏறும்னு பெட்டி மேலயே போட்டிருக்கு. "மாமா, நீங்க உங்க வண்டில போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க, சரியா இருந்தா நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்"னான்.

என்னோடது 150 சிசி, கார்புரேட்டர் வண்டி, 7 வருஷம் ஓடினது. பெட்ரோல் போடுற ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர நோட்டுல எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அத எடுத்துப் பாத்தேன். கடைசி ஆறு டேங்க்ல லிட்டருக்கு 44.9ல இருந்து 48.1 வரைக்கும் இருக்கு. எதையும் மாத்தாமலே 3 கிலோமீட்டர் மேலயும் கீழயும் ஆடுது! ட்ராஃபிக், காத்து, டயர் பிரஷர், பின்னாடி ஆள் உக்காந்தது, டேங்க் வாய் வரைக்கும் ரொப்புனதா இல்லையா, எல்லாம் சேந்து இந்த ஆட்டம். அப்போ ஒரே ஒரு டேங்க் ஓட்டிட்டு "ரெண்டு கிலோமீட்டர் ஏறிடுச்சு"ன்னு சொல்றவங்க பேச்ச எப்படி எடுத்துக்கிறது. போட்டு ரெண்டு டேங்க், கழட்டி ரெண்டு டேங்க்னு முடிவு பண்ணிட்டேன், டயர் பிரஷர் வாராவாரம் பாக்கணும், ரொப்பும்போது வண்டி சென்டர் ஸ்டாண்ட்ல நிக்கணும்.

மார்ச் 5, புதன்

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் காத்து இழுக்கும். 6000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 6000 சுத்து) 150 சிசி வண்டி த்ராட்டில், அதாவது வலது கையால முறுக்குற ஆக்சிலரேட்டர், முழுசா திறந்திருந்தா நிமிஷத்துக்கு அதிகபட்சம் 450 லிட்டர் காத்து. அது முழுசா திறந்தப்போ. நாம டவுனுக்குள்ள 40ல 50ல போறப்போ த்ராட்டில் கால்வாசி கூட திறந்திருக்காது, அதாவது இஞ்சின் மூச்ச இறுக்கிப் பிடிச்சிருக்கிறது ஃபில்டர் இல்ல, நம்ம வலது கை தான். பாதி திறந்த குழாய்ல இன்னும் கொஞ்சம் தண்ணி வேணும்னா குழாய இன்னும் கொஞ்சம் திருகினா போதும், மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற பைப்ப பெருசாக்கி ஒரு புண்ணியமும் இல்ல. அதே வேகத்துக்கு அதே சக்தி தான் வேணும், அதே சக்திக்கு அதே அளவு காத்தும் பெட்ரோலும் தான் வேணும், ஃபில்டர் பக்கம் தாராளமா விட்டா கை கொஞ்சம் கம்மியா முறுக்கும், அவ்ளோதான் வித்தியாசம். இந்த விஷயம் பிடிபட்டதுக்கப்புறம் மைலேஜ் ஏறும்னு சொல்ற பாதி சாமான் மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு, இருந்தாலும் போட்டுப் பாக்காம பேசக்கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணி முறுக்கினதும் 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் புதுசா. உண்மைய சொல்றேன், மொத பத்து நிமிஷம் வண்டி துள்ளுற மாதிரியே தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு காலி ரோட்டுல தேர்ட் கியர்ல 30ல இருந்து 60க்கு ஃபுல் த்ராட்டில், மச்சான் பின்னாடி உக்காந்து ஃபோன்ல டைம் எடுத்தான், போறப்போ மூணு தடவை, வர்றப்போ மூணு தடவை. அங்கயே ஓரமா நிறுத்தி வளையத்த கழட்டிட்டு மறுபடி ஆறு தடவை. ரெண்டு செட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து தான் கெடக்கு, எது வளையம் போட்டது எது போடாததுன்னு குறிப்ப மறைச்சு காட்டினா என்னால சொல்ல முடியாது. சத்தம் மட்டும் தான் மாறியிருக்கு, சத்தம் மாறினா வேகமே மாறின மாதிரி மனசுக்குத் தோணுது.

திரும்ப மாட்டிட்டு டேங்க் ரொப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் டேங்க் 48.6. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். ஆனா இந்த வாரம் நான் எப்படி ஓட்டினேன்னு எனக்குத் தெரியும், மைலேஜ் பாக்கணும்ங்கிற நினைப்புலயே சிக்னல்ல இருந்து மெதுவா எடுத்தேன், ஒருநாள் கூட 60ஐ தாண்டல. இது வளையத்தோட கணக்குல வராது.

மார்ச் 22, சனி

ரெண்டாவது டேங்க் 45.7. இந்த தடவை வேணும்னே எப்பவும் போல ஓட்டினேன். பழைய நோட்டுல இருக்கிற நம்பருங்களுக்குள்ளயே தான் வருது.

மார்ச் 23, ஞாயிறு

இன்னைக்கு கழட்டும்போது பாத்தத நினைச்சா இன்னும் கோவம் வருது. வளையத்த வெயில்ல பிடிச்சு பாத்தேன், ஆறு இதழ்ல ஒண்ணோட அடியில முடி மாதிரி ஒரு கீறல். நகத்தால தட்டினா அந்த இதழ் மட்டும் லேசா ஆடுது. ரெண்டு வாரம் இஞ்சின் அதிர்வுல இருந்ததுக்கே இப்படி. அது ஒடைஞ்சு உள்ள போயிருந்தா கார்புரேட்டர்ல காத்து வழிய திறந்து மூடுற ஸ்லைடுல சிக்கி த்ராட்டில் திறந்தபடியே நின்னிருக்கும், இல்லன்னா வால்வுக்கு நடுவுல மாட்டியிருக்கும். ட்ராஃபிக்ல த்ராட்டில் மூடாம நிக்கிறதுன்னா அது மைலேஜ் பிரச்சினை இல்ல, உயிர் பிரச்சினை. ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான பக்கத்துல, இஞ்சினுக்கு நேரா, கழண்டு விழக்கூடிய எதையும் யாரும் மாட்டாதீங்க.

சுழி விஷயத்துக்கும் வர்றேன். காத்து சுழண்டா பெட்ரோல் நல்லா எரியும்ங்கிறது பொய் இல்ல. அதனால தான் இஞ்சின் டிசைன் பண்றவங்களே ஹெட்ல இருக்கிற இன்டேக் போர்ட்ட வளைச்சு, வால்வுக்கு பக்கத்துலயே அந்த சுழற்சிய உண்டாக்குறாங்க. நாம ரப்பர் பூட்டுல போடுற சுழி கார்புரேட்டர் கழுத்தையும் ஸ்லைடையும் ஊசியையும் போர்ட் வளைவையும் தாண்டி போறதுக்குள்ள செத்துடும், மிச்சம் இருக்கிறது வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற ஆறு தகடு மட்டும் தான். நல்ல நிலைமைல இருக்கிற இஞ்சின்ல போற பெட்ரோல்ல 97, 98 சதவீதம் ஏற்கனவே எரிஞ்சுடுது. வீணாப் போறது எரியாத பெட்ரோல் இல்ல, எரிஞ்சு வந்த சூடு. அது சைலன்சர் வழியாவும் இஞ்சின் மேல இருக்கிற ஃபின் தகடுங்க வழியாவும் வெளிய போயிடுது, அத எந்த வளையமும் தடுக்காது.

மார்ச் 27, வியாழன்

கழட்டினதுல இருந்து ஐட்லிங் ஏறி ஏறி இறங்குது, த்ராட்டில விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது. மெக்கானிக் அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ப்ளக்க கழட்டிக் காட்டினார், பீங்கான் வெள்ளை வெளேர்னு இருக்கு, காபி கலர்ல இருக்க வேண்டியது. அப்புறம் ரப்பர் பூட்டுக்குள்ள விரலை விட்டு, "இங்க பாருங்க தம்பி, வளையத்த அழுத்திச் சொருகினதுல வாய் விரிஞ்சிருக்கு, க்ளாம்ப் பிடிக்கல"ன்னார். அந்த இடுக்கு வழியா ஃபில்டர தொடாமலே காத்து உள்ள போயிருக்கு, கலவை லீனாகிடுச்சு, அதாவது காத்து கூடி பெட்ரோல் கம்மியாகிடுச்சு. பெட்ரோலுக்கு சரியான அளவு எடையில 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல், ஃபுல் பவர் வேணும்னா 13க்கு கீழயே வேணும், காத்து அதிகமாப் போனா பவர் ஏறாது, இஞ்சின் சூடு தான் ஏறும்.

புது பூட் மாட்டினார். விரலை எடுத்துக் காட்டினப்போ நுனியில ஒட்டியிருந்த மாவு மாதிரி புழுதி, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சா நறநறன்னுது. அது மணல், சிலிண்டர் சுவர அரத்தால தேய்க்கிற மாதிரி தேச்சிருக்கும்.

மத்த சாமான பத்தியும் அவர்கிட்ட கேட்டேன். 12 வோல்ட்ல ஓடுற சின்ன ஃபேன், எலக்ட்ரிக் டர்போன்னு விக்கிறது, அந்த 450 லிட்டர தள்ளுற சக்தி அதுக்குக் கிடையாது, ஃபுல் த்ராட்டில்ல அதுவே அடைப்பு. முன்னாடி காத்த வாங்குற குழாய் வச்சா தானா அழுத்தி உள்ள போகும்னு சொல்றாங்கல்ல, கணக்கு போட்டா 60 கிலோமீட்டர் வேகத்துல அழுத்தம் ஏறுறது வெறும் 0.16 சதவீதம், 100ல அரை சதவீதம் கூட வராது. 1990ல கவாசாகி இசட்எக்ஸ்-11 பைக்ல ராம் ஏர்ங்கிற பேர்ல இந்த குழாய் வந்ததுக்கு காரணம் அது ஓடுற வேகம், 300ஐ தொட்டாலும் சுமார் 4 சதவீதம் தான்.

ஓபன் ஃபில்டர் மட்டும் வேற கதை, அதுல விஷயம் கொஞ்சம் இருக்கு. ஏர் பாக்ஸ தூக்கிட்டு மாட்டினா ஃபுல் த்ராட்டில்ல மேல் ஆர்பிஎம்ல காத்து நிஜமாவே கூட போகலாம், ஆனா கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையான மெயின் ஜெட்ட பெருசாக்கி ட்யூன் பண்ணா தான் அது பவரா மாறும், பெருசு பண்ணா பெட்ரோலும் கூட குடிக்கும். ஏர் பாக்ஸ வெறும் டப்பான்னு நினைக்கிறது தப்பு, இஞ்சின் விட்டு விட்டு இழுக்கிறதுக்கு ஏத்த மாதிரி அதோட கொள்ளளவையும் குழாய் நீளத்தையும் பாத்துத்தான் வைக்கிறாங்க, தூக்கினா நடு ஆர்பிஎம்ல ஒரு தொய்வு விழும், நாம தினமும் ஓட்டுறதே அந்த நடு ஆர்பிஎம்ல தான். இன்னொண்ணு, ஓபன் ஃபில்டர் இஞ்சின் பக்கத்துல நின்னு சூடான காத்த இழுக்கும், 10 டிகிரி சூடு ஏறினா காத்தோட அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். கிடைச்சது அங்கயே போச்சு.

ஏப்ரல் 2, புதன்

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஈபிஏ, இந்த மாதிரி பெட்ரோல் மிச்சம் பண்ற சாமான் 100க்கு மேல ஆராய்ஞ்சு பாத்திருக்கு, மைலேஜ கணிசமா ஏத்தினது ஒண்ணு கூட இல்ல. மச்சானுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது பூட் போட்டு, ஏர் ஃபில்டரும் புதுசு போட்டு, முதல் டேங்க் 46.9. எண்ணெய் தோய்ச்ச பேப்பர் ஃபில்டர ஏர் பிடிச்சு ஊதி திரும்ப மாட்டாதீங்க, அந்த எண்ணெய் தான் புழுதிய பிடிக்குது, காலம் முடிஞ்சா மாத்திடணும். பூட்டுக்குள்ள கொஞ்சம் கிரீஸ் தடவி வச்சிருக்கேன், அடுத்த வாரம் திறந்து அதுல மணல் ஒட்டியிருக்கான்னு பாக்கணும், ஒட்டலன்னா ஜாயிண்ட் சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

சாயங்காலம் மச்சான் வந்தான். அவனோடது கார்புரேட்டர் இல்லாத ஃபியூவல் இஞ்செக்ஷன் வண்டி, "அப்போ என் வண்டில போட்டா வேலை செய்யுமா மாமா"ன்னான். ஆக்சிஜன் சென்சார் புகைய மோந்து பாத்து ஈசியு, அதான் வண்டியோட கம்ப்யூட்டர், கலவைய திரும்ப பழைய அளவுக்கே கொண்டு வந்துடும்டா, நீ எத மாட்டினாலும் சாதாரண ஓட்டத்துல அது விடாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம், பிக்கப் இல்லன்னு தான் இத வாங்கவே நினைச்சேன்னான். ஏர் ஃபில்டர் எப்போடா மாத்தினன்னு கேட்டா, வண்டி எடுத்ததுல இருந்து யாரும் அந்த மூடிய திறக்கவே இல்லயாம். ஞாயித்துக்கிழமை காலைல எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன்.