எம்.ஓ.டி. தாளின் கீழ்ப்பாதி

எங்கள் வார்டுக்கு மதுரையிலிருந்து புதிதாக வந்திருக்கும் நர்ஸ் ஒருத்தி போன வாரம் கேட்டாள். "அக்கா, ஒரு பழைய காருக்குப் பன்னிரண்டு மாசம் எம்.ஓ.டி. இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருக்கான். அப்ப கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடலாம்ல?"

எம்.ஓ.டி. என்பது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை. நான் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்த புதிதில் இதே கேள்வி எனக்கும் இருந்தது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஊரில் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. ஆர்.சி. 15 வருடம் செல்லும், அதுவரை யாரும் காரைக் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாடகை வண்டிக்காரர்களின் கவலை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் அப்பா கரூரில் வேன் ஓட்டினார். வருடா வருடம் எஃப்.சி. வரும் வாரத்தில் வண்டி ஓடாது, வீட்டில் காசும் இருக்காது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட், புது ஒளிரும் ஸ்டிக்கர், முதலுதவிப் பெட்டி என்று வேன் பட்டறையிலேயே கிடக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டும் என்பார் அப்பா.

அந்த நினைப்பில்தான் என் 2009 யாரிஸை முதல் எம்.ஓ.டி.க்கு முந்தின நாள் கழுவித் துடைத்துக் கொண்டுபோனேன். சோதித்தவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. நேராக அடியில் போனார்.

பிரிட்டனில் இந்தச் சோதனை 1960இல் தொடங்கியது. அப்போதைய போக்குவரத்து அமைச்சகத்தின் பெயர்ச் சுருக்கம்தான் எம்.ஓ.டி. ஆரம்பத்தில் பத்து வயதான கார்களுக்கு மட்டும், அதுவும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மட்டும். 1967இலிருந்து மூன்று வயதானாலே பரீட்சை, அப்புறம் ஒவ்வொரு வருடமும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு வயதில் தொடங்குகிறது. காருக்கு 54.85 பவுண்டுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. குறைத்து வாங்கலாம், பல இடங்களில் குறைத்தே வாங்குகிறார்கள்.

நிறையப் பேர் தோற்பது சின்ன விஷயங்களில். நம்பர் பிளேட் பல்பு எரியவில்லை, கண்ணாடி கழுவும் தண்ணீர் காலி, வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறது, ஏ.பி.எஸ். அல்லது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, இப்படி. ஓட்டுநரின் நேர்முன்னே கண்ணாடியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் கல்லடி இருந்தாலும் போச்சு. டயரில் பட்டன் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பாருங்கள். அதன் வெளி விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால் டயர் கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டும் இந்தச் சோதனையில் கிடையாது. எஞ்சினின் ஆரோக்கியத்தையும் பார்ப்பதில்லை, புகையை மட்டும் அளப்பார்கள். பாஸான மறுவாரமே கிளட்ச் போனால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இப்போது சோதனை முடிந்ததும் தரும் தாளின் கீழ்ப்பாதிக்கு வருகிறேன். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் ஃபெயில். ஆபத்தானது என்று எழுதிவிட்டால், பழைய எம்.ஓ.டி.யில் இன்னும் நாள் மிச்சமிருந்தாலும் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. இவை போக அட்வைசரி என்று சில வரிகள் வரும். "இப்போதைக்குப் பாஸ், ஆனால் இதைக் கவனி" என்று அர்த்தம். நியர்சைடு என்று வந்தால் நடைபாதைப் பக்கம், ஆஃப்சைடு என்றால் ஓட்டுநர் பக்கம்.

என் முதல் தாளில் அப்படி ஒரு வரி இருந்தது: பிரேக் பைப்பில் துரு. மேலே பாஸ் என்று பார்த்துவிட்டுத் தாளை மேசை இழுப்பறையில் போட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, காலை ஆறு மணிக்கு, பனி உறையாமலிருக்க உப்புத் தூவிய சாலையில் ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அடுத்த வருடம் கார் தோற்றது. பழுதுபார்த்தவர் ராம்ப்புக்கு அடியில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்ட்ரா பருமனில் ஒரு குழாய். பின்சக்கரத்துக்கு அருகே அது மரப்பட்டை மாதிரி உரிந்து, செம்பழுப்பாக உப்பியிருந்தது. விரலை வைத்ததும் துரு பொடிப்பொடியாகக் கையில் வந்தது. பிரேக்கை மிதிக்கும்போது முழு அழுத்தத்தையும் தாங்குவது இந்தக் குழாய்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து பாதித் தூக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும் தெருக்கள் வழியே வீடு திரும்பியிருக்கிறேன். அதை நினைத்ததும் வயிறு கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அட்வைசரி வரிகளை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுகிறேன். தோற்றாலும் பதற வேண்டாம். அங்கேயே விட்டுச் சரிசெய்து, பத்து வேலை நாளுக்குள் மறுபடி சோதித்தால் அதற்குத் தனியாகக் காசில்லை. ஒரே இடத்தில் சோதனையும் பழுதுபார்ப்பும் நடப்பது உறுத்தினால், சில நகராட்சிகள் தங்கள் வாகனங்களுக்காக நடத்தும் மையங்களில் நம் காரையும் சோதிக்கலாம். பெரும்பாலும் அங்கே பழுதுபார்ப்பதில்லை, அதனால் வேலை இழுத்துவிடும் ஆசையும் இல்லை. நான் அங்கேதான் போகிறேன். முடியும் தேதிக்கு ஒரு மாதத்தில் ஒரு நாள் குறைய முன்னதாகவே போகலாம், அடுத்த வருடத் தேதி மாறாது. மறந்து ஓட்டினால் ஆயிரம் பவுண்ட் வரை அபராதம். நினைவூட்டல் குறுஞ்செய்தி அரசுத் தளத்தில் இலவசம், இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

அதே தளத்தில், காரின் நம்பரைத் தட்டினால் பழைய எம்.ஓ.டி. அத்தனையும் வரும். ஓடிய மைல் கணக்கு, தோற்ற வருடங்கள், அட்வைசரி வரிகள் எல்லாம். கேன்டீனில் உட்கார்ந்து, அந்தப் புது நர்ஸ் பார்த்த விளம்பரக் காரைத் தேடினோம். மூன்று வருடமாக ஒரே வரி: பின்பக்கம் அடியில் துரு. மூன்று வருடமும் யாரும் தொடவில்லை. அவள் பக்கத்தை மூடிவிட்டு, "வேற பார்க்கலாம்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு காரைப் பார்க்கப் போகிறோம். அதன் வரலாற்றை இருவரும் படித்துவிட்டோம். 20 பென்ஸ் நாணயம் என் பையில் இருக்கிறது.