ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது இல்லை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், "நடுவானில் ஸ்டால் ஆகி இன்ஜின் நின்றுவிட்டால்?" என்று கேட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டினால் (சிறிய விமானங்களில் சுமார் 15 டிகிரி) இறக்கையின் மேல் ஓடும் காற்று அதை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். அவ்வளவுதான்.

வேகமானியை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். நேராகப் பறக்கையில் 50 நாட் (மணிக்கு சுமார் 93 கி.மீ.) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 70 நாட்டிலேயே ஆகிவிடும். அந்தத் திருப்பத்தில் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது.

நேற்று ஸ்டால் பயிற்சியில், ஸ்டால் நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கை ஹார்ன் கத்தியது. மூக்கு கீழே தொங்கியதும் அதைத் தூக்க என் கை தானாகவே கண்ட்ரோலைப் பின்னால் இழுத்தது. "இழுக்காதே, விடு!" என்றார் பயிற்சியாளர். தரையை நோக்கி விழும்போது முன்னால் தள்ள வேண்டும் என்பதை மூளை ஒத்துக்கொள்ளும், கைதான் ஒத்துக்கொள்ளாது. முதலில் கோணத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம் முழு பவர்.

இன்னொன்று, இன்ஜின் நிற்பது பற்றி: எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் அது நின்றுவிடலாம். கிளம்பும் முன் டேங்கின் அடியிலிருந்து எரிபொருளைக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். இளநீல பெட்ரோலுக்குக் கீழே கண்ணாடி மணிபோல ஒரு சொட்டுத் தண்ணீர். மறுபடி பிடித்தேன், மறுபடியும் ஒன்று. மூன்றாவது முறை சுத்தமாக வந்த பிறகுதான் ஏறினோம்.