67 வயசில சிங்கள எழுத்து: என்ர சனிக்கிழமைக் குறிப்புகள்

ஜனவரி 11, 2025, சனி

இண்டைக்கு முதல் வகுப்பு. லைப்ரரியில அறுபது தாண்டின ஆக்களுக்கெண்டு சனிக்கிழமை காலமையில ரெண்டு மேசை போட்டிருக்கினம், ஒண்டில தமிழாக்கள் சிங்களம் எழுதப் பழகிறது, மற்றதில சிங்கள ஆக்கள் தமிழ் எழுதப் பழகிறது, கடைசி அரை மணித்தியாலம் மேசை ரெண்டையும் ஒட்டிப்போட்டு ஆளுக்காள் சொல்லிக் குடுக்கிறது.

நான் 1996ல கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தனான். மரக்கறிக்காரரோட விலை பேசுற அளவுக்குக் கதைப்பன், ஆனா ஒரு எழுத்துத் தெரியாது. போன மாசம் எங்கட பிளாட்டில லிப்டுக்குப் பக்கத்தில வோச்சர் சிங்களத்தில ஒரு துண்டு எழுதி ஒட்டியிருந்தவர், நான் அதுக்கு முன்னால மூண்டு தரம் போய்வந்தனான், அடுத்தநாள் விடிய பைப்பில சொட்டுத் தண்ணி இல்லை, எல்லா வீட்டிலயும் வாளி வாளியா நிரப்பி வச்சிருக்கினம், என்ர வீட்டில மட்டும் ஒரு கேத்தில் தண்ணி. அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பேத்தி வந்தவள், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில சிங்களம் ரெண்டாம் மொழி. என்ர கொப்பியைப் பாத்திட்டு "அம்மம்மா, நீங்க 'வ'வும் 'ச'வும் மாறி எழுதியிருக்கிறியள்" எண்டாள். உண்மைதான். அவையின்ர வ, ச, ம, ப எல்லாம் ஒரே உருண்டையா இருக்கு, சுழி எந்தப் பக்கம் திரும்புது எண்டதில எழுத்தே மாறிப்போகுது. ஓலையில நேர்கோடு கீறினா ஓலை கிழியும், அதாலதான் வளைச்சு வளைச்சு எழுதினவை எண்டு சொல்லுவினம். பேத்தி பக்கத்தில இருந்து ஒவ்வொண்டா கையைப் பிடிச்சு எழுதுவிச்சாள். அவளுக்கு 'அ' எழுதப் பழக்கினது நான்.

ஜனவரி 18, சனி

இண்டைக்கு வந்த சந்தோசத்தை எழுதாம நித்திரை வராது. 'கெ' எழுத நாங்கள் முன்னுக்கு ஒரு கொம்பு போடுவம் எல்லோ, அவையும் அப்பிடித்தான், எழுத்துக்கு முன்னால ஒரு சுழி, அதுக்குப் பேர் கேட்டன், "கொம்புவ" எண்டா மிஸ்! 'கொ' எழுதேக்கையும் எங்களைப் போல முன்னுக்குக் கொம்பு பின்னுக்குக் கால். ரெண்டு எழுத்தும் பிராமியில இருந்து வந்ததெண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது ஞாபகம், ஆனா படிச்சது வேற, கை எழுதேக்க தெரியிறது வேற. முப்பது வருசமா இந்தக் கொம்பு எல்லாக் கடைப் பலகையிலயும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு.

ஜனவரி 23, வியாழன், இரவு

அப்பாவை நினைச்சு நித்திரை வரேல்லை.

அப்பா கொழும்பில ஒரு கந்தோரில கிளாக்கர். 1956ல சிங்களம் மட்டும் சட்டம் வந்தாப்பிறகு அரசாங்கத்தில இருக்கிற ஆக்கள் சிங்களச் சோதினை பாஸ் பண்ணவேணும் எண்டு வந்தது, அப்பா எழுதமாட்டன் எண்டு நிண்டவர், சம்பள உயர்வு நிண்டது, 1963ல வேலையை விட்டிட்டு ஊருக்கு வந்து வெங்காயம் வச்சார். எனக்கு அப்ப ஆறு வயசு. மொழியில அவருக்குக் கோவம் இல்லை, கட்டாயப்படுத்தினதிலதான் கோவம், அதை நான் விளங்கின வயசில அவர் இல்லை. ஆனா சின்னனில எனக்கு விளங்கினது அந்த எழுத்தைப் படிச்சா அப்பா மனம் நோவார் எண்டது மட்டும்தான்.

அதே அப்பாதான் என்னைச் சைக்கிள் பாறில வச்சு சனிக்கிழமைகளில யாழ்ப்பாண நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போறவர். 1981ல 97,000 புத்தகத்தோட அது எரிஞ்சாப்பிறகு நான் எந்த லைப்ரரிக்குள்ளயும் போகேல்லை, பல வருசம். இப்ப திரும்பச் சனிக்கிழமை, திரும்ப லைப்ரரி. என்னை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை அப்பா. எனக்கு வேணும் எண்டு படிக்கிறன்.

பிப்ரவரி 1, சனி

சிங்கள மேசையில ஒரு ரிட்டயரான கொண்டக்டர் இருக்கிறார், என்னை "அக்கே" எண்டுவார். மரியாதைக்கு நான் "ஐயா" எண்டன், எல்லாரும் சிரிச்சவை, சிங்களத்தில அது அண்ணன், அவர் என்னைவிட மூண்டு வயசு இளமை.

அவர் கேட்ட கேள்வி: கமலம், சங்கம், மகன் மூண்டிலயும் ஒரே 'க', ஆனா நீங்கள் மூண்டு மாதிரிச் சொல்லுறியள், நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அவையின்ரயில கவுக்கும் gaவுக்கும் haவுக்கும் வேற வேற எழுத்து. நான் வாழ்நாளில யோசிக்காத விசயம். கொஞ்ச நேரம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துத்தான் சொன்னன், முதல்ல வந்தா வன்மை, 'ங்'குக்குப் பின்னால வந்தா மெதுவா, ரெண்டு உயிருக்கு நடுவில வந்தா இன்னும் மெதுவா. அவர் எழுதி வச்சுக்கொண்டார். 247 எழுத்தும் எனக்குத் தண்ணிபட்ட பாடு எண்டு நினைச்சிருந்தன், அவருக்குச் சொல்லேக்கதான் எனக்கே விளங்கிச்சு.

எனக்குச் சுகமான பக்கம் வினைச்சொல். போறன், போறாய், போறார் எண்டு நாங்கள் மாத்துவம், பேச்சுச் சிங்களத்தில எல்லாத்துக்கும் ஒரே "யனவா".

பிப்ரவரி 8, சனி

வகுப்பு இல்லை. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில இருக்கிற பெரிய லைப்ரரிக்கு ஓட்டோவில போனன், 1925ல தொடங்கினது, இந்த வருசத்தோட நூறு. வெளியில வீதிப் பெயரைச் சிங்களத்தில எழுத்துக்கூட்டினன்: ஆ-ன-ந்-த கு-மா-ர... முடிக்க முதலே பேர் விளங்கிச்சு, கலையைப் பற்றி எழுதின ஆனந்த குமாரசுவாமி, அந்தாளின்ர தகப்பன் முத்துக்குமாரசுவாமி எங்கட ஆள். ஓட்டோக்காரத் தம்பி பொறுமையா நிண்டார்.

பிப்ரவரி 15, சனி

கஸ்டமான நாள். "கந்த" எண்டு ஒண்டு மலை, இன்னொண்டு மரத்தின்ர அடி, மலையில 'ந்' முழுசா வரும், மரத்தில அரைவாசிதான், அதுக்கெண்டு தனி எழுத்து. மிஸ் பத்துத் தரம் சொன்னா, எனக்குப் பத்தும் ஒண்டாத்தான் கேட்டுது. காது வயசானது ஒரு பக்கம், எங்கட மொழியில அந்த வித்தியாசம் இல்லை எண்டது மற்றப் பக்கம். கொண்டக்டர் ஐயா 'ழ'வோட மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார், "வாலப்பலம்" எண்டு. ரெண்டு பேரும் வாழைப்பழத்தைப் பிரிச்சுத் திண்டிட்டு வந்தம்.

பிப்ரவரி 20, வியாழன்

பின்னேரம் கடற்கரைக்கு நடந்துபோய் வெள்ளவத்தை ஸ்டேசன் பலகைக்கு முன்னால நிண்டன். தமிழ் வரியைப் பாக்காம சிங்கள வரியை மட்டும் வாசிச்சன். முதல் எழுத்து 'வ', பக்கத்தில எங்களிட்ட இல்லாத அந்த அகலமான 'ஆ'வுக்கும் 'ஏ'க்கும் நடுச் சத்தத்தின்ர குறி. வெள்ளம் வாற இடம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். கொண்டக்டர் ஐயாவுக்கு போன் எடுத்துக் கேட்டன், அந்தச் சத்தத்தோட சொன்னா மணல் கரையாம், "வத்த" தோட்டம். மணல் தோட்டம்! அப்பா வேலை செய்த காலத்தில அறை எடுத்து இருந்ததும் இந்த வெள்ளவத்தையிலதான்.

சனிக்கிழமைக்கு பம்பலப்பிட்டி எழுதிக்கொண்டு போகவேணும். அந்த 'ம்ப' முழுசோ அரைவாசியோ எண்டு நாளைக்குப் போய் பம்பலப்பிட்டி ஸ்டேசன் பலகையைப் பாத்திட்டு எழுதுறன்.