பட்டா நிலத்தில் கல்குவாரி அனுமதி: மனு போடும் முன் பார்க்க வேண்டியவை

"பட்டா எங்க பேர்ல இருக்கு, அடியில இருக்கற கல்லும் எங்களுதுதானே?" எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். தமிழ்நாட்டில் ரயத்துவாரி பட்டா நிலத்துக் (விவசாயியே நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் நிலம்) கனிமம் பொதுவாக அரசுடையது. 1959ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகளில் 19ஆவது விதிப்படி கலெக்டர் அனுமதி வாங்கி, சீனியரேஜ் (வெட்டும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்) கட்டித்தான் சாதாரணக் கல்லை வெட்ட முடியும். மலபாரில் ஜென்மிகள் எனப்படும் பரம்பரை நில உடைமையாளர்களின் நிலங்கள் பற்றிய வழக்கில், சட்டப்படி பறிக்கப்படாதவரை அடிநிலக் கனிமமும் நில உரிமையாளருக்கே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி "அனுமதியே வேண்டாம்" என்பவரை நம்பாதீர்கள். கனிமம் யாருடையதானாலும் 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி அனுமதி கட்டாயம். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், வண்டியும் போகும்.

முதலில் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் 'அ' பதிவேட்டை (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகை, பரப்பு, பட்டாதாரர் விவரம் இருக்கும் பதிவேடு) பாருங்கள். அரசு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவாகவோ, பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது, பலர் பேரில் உள்ள கூட்டுப்பட்டா. கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினையால் திரும்பி வந்த ஃபைல்கள் ஏராளம். ஒரு அத்தையின் கையெழுத்து விட்டுப்போனாலும் ஆட்சேபணை வரும். எல்லா வாரிசுகளிடமும் பதிவு செய்த சம்மதப் பத்திரம் வாங்கிய பிறகே மனு.

பிறகு புலப்படத்தை (நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) விரித்து ஸ்கேலை வையுங்கள். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், புறம்போக்குக்கு 10 மீட்டர் விட வேண்டும். நெடுஞ்சாலை, ரயில் பாதை, நீர்நிலை என்றால் 50 மீட்டர். 100க்கு 100 மீட்டர் என்று சதுரமாக ஒரு ஹெக்டேர், சுற்றிலும் பட்டா நிலம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டக் கிடைப்பது 85க்கு 85. 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலப் படிகளாக இறங்கினால் அடுத்தடுத்த படிகள் 75, 65, 55 மீட்டர் என்று சுருங்கும். 20 மீட்டர் ஆழத்துக்கு மொத்தம் 1,00,500 கன மீட்டர். மனக்கணக்கில் போட்ட 2 லட்சத்தில் பாதிதான். 30 மீட்டர் அகலத் துண்டில் ஓரம் விட்டதும் முதல் படி 15 மீட்டர், இரண்டாம் படி 5 மீட்டராகிவிடும், மூன்றாம் படியே இல்லை. அதற்குச் செலவு செய்வது வீண் என்பதே எங்கள் கருத்து.

மனுவுக்குப் பிறகு ஆர்.டி.ஓ., கனிமவளத் துறை உதவி இயக்குநர் ஆகியோரின் கள ஆய்வு. அறிக்கை சாதகமாக இருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் வெட்டலாம் என்று குறிக்கும் 'பிரிசைஸ் ஏரியா' கடிதம் வரும். அதில் உட்பிரிவு எண்ணும் பரப்பும் பட்டாவோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று கையோடு பாருங்கள். அதில் உள்ள பிழை சுரங்கத் திட்டத்திலும் சுற்றுச்சூழல் அனுமதியிலும் ஏறிவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டிவரும்.

அதிகம் இழுப்பது சுற்றுச்சூழல் அனுமதி. 300 மீட்டருக்குள் வீடு, பள்ளி, கோயில் இல்லை என்று வி.ஏ.ஓ. கடிதம் வேண்டும். அவரோடு நீங்களும் நடந்து பாருங்கள். புதிதாகப் போட்ட ஓட்டு வீடு ஒன்று கூகுள் படத்தில் தெரிந்தால் கேள்வி வரும். 500 மீட்டருக்குள் இருக்கும் மற்ற குவாரிகளோடு சேர்த்துப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடந்தாக வேண்டும். கருத்துக்கேட்பில் ஊர்க்காரர்கள் கிணற்றையும் வெடிச் சத்தத்தையும் பற்றிக் கேட்பார்கள். பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை முன்கூட்டியே அளந்து வைத்து, பதிலோடு போங்கள்.

அரசோடு போடும் குவாரி ஒப்பந்தம் பதிவாகி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும் வந்த பிறகுதான் கல்லை வெளியே கொண்டுபோக பர்மிட். ஒவ்வொரு லோடோடும் அந்த நடைக்கான நேரம் குறித்த நடைச்சீட்டு போக வேண்டும். சீட்டில் உள்ள நேரம் கடந்து வண்டி ரோட்டில் நின்றால், சீனியரேஜ் கட்டிய கல்லாக இருந்தாலும் சிக்கல்தான். அதனால் லோடு ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டிய பிறகே சீட்டைப் போடச் சொல்லுங்கள்.