ஆறாம் அத்தியாயம்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

நாவல் ஆறாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. நாயகி செண்பகத்துக்கு வயது 54. கோலாலம்பூரில் ஒரு தமிழ் மாத இதழுக்கு ஃபேஷன் பக்கம் எழுதுகிறாள். புது ஆசிரியருக்கு அவள் மகன் வயது. "அக்கா, டியோர் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாரிஸின் அந்தப் பெரிய ஃபேஷன் நிறுவனத்தைப் பற்றித்தான். பதினோரு நாளாயிற்று. அவள் எழுத உட்காரவே மாட்டேன் என்கிறாள்.

காலையில் கோயிலில் ஓர் அக்கா கேட்டார்: "தோட்டத்துப் பிள்ளை நீ, பால்மரத்தைப் பத்தி எழுதாம ஃபேஷனைப் பத்தி எழுதுறியே மா?" நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் துணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்றாலே எனக்கு ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஞாபகம்தான். சம்பளத்துக்கு மறுநாள் ஜவுளிக்காரர் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வருவார். சேலை எல்லாம் தவணைக்குத்தான். அம்மா முந்தானையை வெயிலுக்கு நேரே பிடிப்பார். ஓரத்தில் ஒரு நூலை உருவி விரலில் முறுக்குவார். பிறகு ஒரு முனையைக் கசக்கி, உள்ளங்கைக்குள் மூடி, இருபது எண்ணிவிட்டுத் திறப்பார். கசங்கல் எப்படி விரிகிறது என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். செண்பகத்துக்கு நான் கொடுத்திருப்பது அந்தக் கண்.

செப்டம்பர் 17, புதன்

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். படப்பிடிப்புக் காட்சி. 90களில் நானே செய்த வேலை, அதனால் கை தானாக ஓடியது. தீபாவளி இதழுக்கு ஆகஸ்டிலேயே படம் எடுத்துவிடுவோம். சேலைகள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதிக் கடைகளில் இரவல் வாங்கியவை, உடுத்திய சுவடே தெரியக் கூடாது. செருப்பின் அடியில் டேப் ஒட்டுவோம். பஞ்சாபி உடையைத் தலைவழியே போடும்போது மாடல் பெண்ணின் முகத்தில் மெல்லிய துணியைப் போர்த்துவோம், பவுடர் ஒட்டாமலிருக்க. ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப் போட்டு இழுத்துவிடுவோம். எல்லாம் முடிந்த பிறகு சேலையைப் பழைய மடிப்புக் கோட்டிலேயே மடிக்க வேண்டும். ஒரு கோடு தப்பினாலும் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். செண்பகம் அந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுவாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சரி, டியோர். 1947 பிப்ரவரி 12, பாரிஸ், அவென்யூ மொந்தேன், 30ஆம் எண் கட்டடம். கிறிஸ்டியான் டியோரின் முதல் உடைத் தொகுப்பு. ஒடுங்கிய இடை, அதற்குக் கீழே மீட்டர் மீட்டராக விரியும் பாவாடை. போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிரிட்டனில் துணிப் பங்கீடு 1949 வரை இருந்தது. இவ்வளவு துணியை ஒரே உடுப்பில் கொட்டுவதா என்று பலர் கொதித்தார்கள்.

அந்தத் தொகுப்புக்கு 'நியூ லுக்' என்ற பெயர் நிலைத்தது ஹார்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோவால். அன்று அவருக்கு வயது 59. இதை எழுதும்போதே மனசு நிமிர்கிறது. டயானா வ்ரீலண்ட் இன்னொரு ஃபேஷன் இதழான அமெரிக்க வோக் பத்திரிகையின் தலைமைக்கு வந்ததும் ஏறக்குறைய அறுபது வயதில்தான். நானோ 54 வயதுச் செண்பகத்தை மூட்டை கட்டக் காத்திருப்பவளாக எழுதி வைத்திருந்தேன். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தாயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மாவுக்கு 87. அவர் பால் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய்க்கு வளர்க்கும் பனை. லயம் இருந்த இடமே தெரியாது. மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "சின்ன வயசுல என்னம்மா உடுத்தினீங்க?"

"சாக்கு."

போரில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். துணியே கிடையாது. கோணிச் சாக்கின் அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்துக்கு ஒன்றாகக் கைக்கு இரண்டு ஓட்டை. சாக்கிலிருந்து உருவிய சணல்தான் தைக்கவும். "அரிக்கும். கழுத்தெல்லாம் செவந்து போயிரும். மழையில நனைஞ்சா தம்பியைத் தூக்கிக்கிட்டு நடக்குற மாதிரி கனக்கும்."

இதை முன்பே கேட்டிருக்கிறேன். அடுத்து வந்தது இதுவரை கேட்காதது. ஜப்பான்காரன் போன பிறகு தாத்தா எங்கிருந்தோ ஒரு சீட்டித் துணி கொண்டுவந்தாராம். ஆயா, அம்மாவைப் பெற்றவர், கையாலேயே பாவாடை தைத்துக் கொடுத்தாராம். "அதைக் கட்டிக்கிட்டு லயத்து வாசல்ல சுத்துனேன் பாரு, கொடை மாதிரி விரிஞ்சிச்சு. தலை கிறுகிறுத்து விழுற வரைக்கும் சுத்துனேன்." சொல்லும்போது கை இடுப்புக்குப் பக்கத்தில் காற்றில் ஒரு வட்டம் போட்டது.

அக்டோபர் 2, வியாழன்

பாரிஸில் நேற்று டியோர் காட்சி. வடிவமைப்பாளர் ஜோனதன் ஆண்டர்சன் அங்கே செய்த முதல் பெண்கள் உடைத் தொகுப்பு. கைப்பேசியில் அம்மாவுக்கும் காட்டினேன். 1947இன் அந்த இடை ஒடுங்கிய சட்டை இப்போது குட்டையாகித் திரும்பி வந்திருக்கிறது.

1997இல், நியூ லுக்கின் ஐம்பதாம் ஆண்டுக்கு, நான் வேலை செய்த இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். கடைசிப் பத்தியில் அம்மாவின் சாக்கைச் சேர்த்திருந்தேன். அச்சில் அந்தப் பத்தி இல்லை. அழகைப் பார்க்க வருகிறவர்களிடம் இது எதற்கு என்றார்கள். அந்த வலி இன்னும் போகவில்லை, வெட்டியது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறொன்றும் உறுத்துகிறது. நான் அன்று சாக்கை மட்டும் எழுதினேன், டியோர் பாவாடையைக் குத்திக்காட்டுவதற்காகவே எழுதினேன். அம்மா சுற்றிய பாவாடை அதில் இல்லை. கேட்டால்தானே சொல்லியிருப்பார்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். ரவிக்கை வாங்கத் தையற்கார அக்கா கடைக்குப் போனேன். கூட்டம் குறைந்ததும் அந்தப் பாவாடையைச் சொன்னேன்.

"சுருக்கு வச்சுத் தச்சா அப்படி விரியாது மா. கிராஸ்ல வெட்டணும். துணி ரொம்ப வீணாப் போகும்" என்றார். ஒரு காகிதத்தை நான்காக மடித்து, வளைவாக வெட்டி விரித்துக் காட்டினார். நடுவில் இடுப்புக்கு வட்டம். நான்கு மூலையும் மேசையில் தனியாக விழுந்து கிடந்தன.

அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே சாக்கைக் கட்டியிருந்த காலம் முடிந்து கையில் வந்த முதல் நல்ல துணி. நேராக வெட்டியிருந்தால் இரண்டு பாவாடை வந்திருக்கும். ஆயா வட்டமாக வெட்டியிருக்கிறார்.

ராத்திரி ஒன்றரை மணி வரை எழுதினேன். செண்பகத்தின் டியோர் பக்கம் இப்போது ஆயாவின் கத்தரிக்கோலில் தொடங்குகிறது. அவென்யூ மொந்தேனும் இருக்கிறது, முழு அழகோடு. ஆசிரியப் பையன் அதை அப்படியே போடுவானா என்பது ஏழாம் அத்தியாயத்தில்.

படுக்கப் போகும் முன் அம்மா விழித்திருந்தார். மிச்சத் துண்டுகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"ரிப்பன். ரெண்டு சடைக்கும்."