இரண்டு வட்டுகள் இருந்தும் மூன்றாவது எதற்கு?

இளம்பிள்ளையில் சேலை டிசைன் வரைந்து தரும் எங்கள் கடைக் கணினியில் சென்ற வாரம் ஒரு ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டது. ஆயினும் தறிக்காரர்களுக்குத் தர வேண்டிய ஒரு கோப்பும் தாமதமாகவில்லை. எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு 4 டிபி வட்டுகளிலும் ஒரே நேரத்தில் பதியும்படி முன்பே அமைத்திருந்தேன். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் வகுத்த, பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் ரெய்டு (RAID) முறைகளின் வரிசையில் முதல் நிலை இதுவே. விலை இரண்டு வட்டுக்கு, இடம் ஒன்றுக்கு மட்டுமே.

வட்டு நின்றதை, கணினியின் இயங்குதளமான லினக்ஸின் எச்சரிக்கை மின்னஞ்சல்தான் தெரிவித்தது. அதை அமைக்காதவர்கள், முதல் வட்டு போனதே தெரியாமல் மற்றொன்றும் போகும் வரை வேலை செய்துகொண்டிருப்பார்கள். புதிய வட்டை மாட்டிய பின் பழையதிலிருந்து எல்லாம் நகலாகி முடிய ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆனது; அந்த இரவு முழுவதும் பல ஆண்டு உழைப்பு ஒற்றை வட்டை மட்டுமே நம்பியிருந்ததால் எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரே நாளில் ஒரே தொகுப்பில் வாங்கிய வட்டுகள் அடுத்தடுத்துப் பழுதாகக்கூடும் என்பதால், இவற்றை வெவ்வேறு கடைகளில்தான் வாங்கினேன்.

ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலுமே அழிந்துவிடும். வைரஸ் கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டினாலும் அப்படியே. அதனால் ஞாயிறுதோறும் தனி வட்டு ஒன்றில் பிரதி எடுத்து, ஏற்காட்டில் அக்கா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருகிறேன்.