15-க்கு 6

"கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கணும்ப்பா" என்றேன். விடைத்தாள் அந்த மாணவன் கையில்தான் இருந்தது. அதைப் பார்க்காமலே சொன்னான்: "கேட்டதுக்குத்தான் மேம் எழுதியிருக்கேன். காசும் காதலும் கேட்ஸ்பியை என்ன பண்ணுச்சுன்னு கேட்டீங்க. உயிரோட இருக்கிற அப்பாவைச் செத்துட்டாருன்னு சொல்ல வெச்சுச்சு."

"சரி, செமஸ்டர்ல இப்படி எழுதிடாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல். கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெறித்தனமான காதலும் செல்வமும் ஜே கேட்ஸ்பியை எப்படித் துன்பியல் நாயகன் ஆக்குகின்றன? 15 மார்க். அதற்கு ஒரு பாதை உண்டு. வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் கேட்ஸ், 17 வயதில் பெயரை மாற்றிக்கொள்கிறான். 1917-ல் லூயிவில் ஊரில் டெய்சி என்ற பணக்காரப் பெண் மேல் காதல். அவள் 3,50,000 டாலர் முத்துமாலை வாங்கிக் கொடுத்த பணக்கார டாமைக் கட்டிக்கொள்கிறாள். இவன் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் விற்றுப் பணம் சேர்த்து, அவள் வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் துன்பியல் நாயகனுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன இலக்கணம். கடைசியில் நீச்சல் குளத்தில் சுடப்பட்டுச் சாவு. நாற்பது தாளிலும் இதே வரிசை. டிக், டிக், டிக்.

அவன் தாளில் டெய்சி ஒரே ஒரு இடத்தில் வந்தாள். மற்றதெல்லாம் அப்பா. நான்காம் அத்தியாயத்தில் நியூயார்க்குக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, தான் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றும் சொந்தக்காரர் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றும் கேட்ஸ்பி அளக்கிறான். கடைசி அத்தியாயத்தில் அந்தச் செத்துப்போன அப்பா சிகாகோ பேப்பரில் மகன் செத்த செய்தியைப் படித்துவிட்டு, வெயில் நாளில் மலிவான நீள ஓவர்கோட்டோடு வந்து இறங்குகிறார். பல கை பட்டு அழுக்கேறிய ஒரு போட்டோவை எடுத்து, கதையைச் சொல்லும் நிக்கிடம் காட்டுகிறார். மகன் வீட்டின் போட்டோ. அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டுதான் காட்டுகிறார். அப்புறம் ஒரு பழைய புத்தகம். அதன் பின்பக்கத்தில் 1906-ல் சின்னப் பையன் எழுதிய கால அட்டவணை: காலை 6 மணிக்கு எழுவது, டம்பெல்ஸ், மின்சாரம் படிப்பது, வாரம் 5 டாலர் சேமிப்பது, அந்த 5-ஐ அடித்துவிட்டு 3. கடைசி வரி, பெற்றோரிடம் இன்னும் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும்.

"பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை, துன்பியல் நாயகன் அப்பாதான்" என்று முடித்திருந்தான். ஆங்கிலத்தில் காலம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. 6 போட்டதற்கு அந்த ஆங்கிலமும் ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். எவ்வளவு நம்பிச் சொல்வேன் என்பது வேறு.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. வெளியே திருத்துகிறவர் விடைக்குறிப்பைத்தான் பார்ப்பார், தாளுக்குச் சில நிமிஷம்கூட ஒதுக்க மாட்டார். இன்டர்னலில் 12 போட்டு இவனைத் தட்டிக்கொடுத்தால் செமஸ்டரில் விழுவான். அந்த எச்சரிக்கை அவன் நன்மைக்குத்தான். தவிர, அவன் வாதத்தில் ஓட்டையும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் வந்து பார்த்துத் தனக்கு வீடு வாங்கிக் கொடுத்ததை அப்பாவே நிக்கிடம் சொல்கிறார். நல்லபடி நடக்கவில்லை என்று எப்படி எழுதலாம்? அதை விட்டதற்கே மார்க் குறைக்கலாம்.

ஆனால் இந்த ஓட்டையை நான் கண்டுபிடித்தது 6 போட்டு ஒரு மாதம் கழித்து, என்னை நியாயப்படுத்த ஏதாவது கிடைக்குமா என்று புத்தகத்தைத் திறந்த ராத்திரியில். அதுவும் முழு ஓட்டை இல்லை. வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறான், சரி. மற்றவர்களிடமோ அப்பா செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டையும் செய்கிற பிள்ளைகளை நமக்குத் தெரியாதா என்ன?

அந்த வகுப்பில் பாதிப் பேர் நாவலைப் படிக்காமல் 2013-ல் வந்த படத்தைத்தான் பார்த்திருந்தார்கள். அதில் அடக்கத்துக்கு அப்பா வருவதே கிடையாது. ஆக, இவன் நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறான். நானோ கடைசி அத்தியாயத்தை ஒழுங்காக நடத்தியதே இல்லை. டெய்சி கேட்ஸ்பியின் சட்டைக் குவியலில் முகம் புதைத்து அழும் இடத்துக்கு ஒரு பீரியட் முழுக்கப் போய்விடும். "சட்டைக்கா மேம் அழுவாங்க?" என்று யாராவது கேட்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் பச்சை விளக்குக்குத் தாவிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைப் படித்தபோது, 'பாவம், வீட்டுக் கதையை எழுதியிருக்கிறான்' என்றுதான் தோன்றியது. அவன் அப்பா யார், என்ன செய்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. நுனிநாக்கு ஆங்கிலத்தில் வேறொரு பையன் இதையே எழுதியிருந்தால் 'நல்ல வாசிப்பு' என்று ஓரத்தில் குறித்திருப்பேன். இவன் எழுதியதால் அது சொந்தச் சோகம் ஆகிவிட்டது. மார்க்கைவிட இதுதான் உறுத்துகிறது. சில நாள் மார்க்தான் உறுத்துகிறது.

இந்த செமஸ்டர் அதே கேள்வியை மறுபடி வைத்திருக்கிறேன். விடைக்குறிப்பில் 'தந்தை: 3 மதிப்பெண்' என்று சேர்த்தேன். தாள் கொடுக்கும்போது இதை வகுப்பில் சொல்வேன், அடுத்த பேட்ச் அப்பாவைப் பற்றி மூன்று வரி மனப்பாடம் செய்துகொண்டு வரும், நானும் டிக் போடுவேன். அடித்துவிட்டேன். அடித்தால், அவனைப் போல இன்னொருத்தன் எழுதினால் மறுபடி 6தான். நாளைக்குள் ஹெச்.ஓ.டி.யிடம் கொடுக்க வேண்டும்.